ஃபைல் சிஸ்டம் கெட்டால் முதலில் நகல், அப்புறம்தான் பழுதுபார்ப்பு

லினக்ஸ் கணினி ஒருநாள் கறுப்புத் திரையில் வந்து நின்று, ‘எஃப்எஸ்சிகே-வை நீங்களே ஓட்டுங்கள்’ என்று கேட்டால் உடனே ஓட்டிவிடாதீர்கள். எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை, சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: எஃப்எஸ்சிகே, மைனஸ் ஒய் (கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அர்த்தம்), என்டர் தட்டுங்கள், சரியாகிவிடும். பல பேருக்குச் சரியாகியும் இருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கே சாகும் நிலையில் இருக்கும்போது அந்த ஒரு வரி, மிச்சம் இருப்பதையும் அழித்துவிடக்கூடும். எனக்கு இது நடந்த நேரத்தில் இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. ராத்திரியெல்லாம் மேனுவல் பக்கங்களைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். அந்த ராத்திரி இன்னொருவருக்கு வேண்டாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கத்தில் வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பு செய்கிறேன். லினக்ஸ் மின்ட் இயங்குதளம், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ், அப்புறம் லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப். பல வருஷமாக இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என் வருமானத்துக்கு எட்டாது என்பதால் இந்தப் பக்கம் வந்தேன். பழகியபிறகு வேறு எதற்கும் மாற மனம் வரவில்லை. வேலை போக மிச்ச நேரத்தில், சுற்றுவட்டார ஊர்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்துவருகிறேன். வேலை, பாட்டு இரண்டும் ஒரே 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. பேக்கப் வட்டு ஒன்று உண்டு. அதில் பொங்கல் வரைக்கும் உள்ளவை இருந்தன. கம்ப்யூட்டர் படுத்தது ஆனி மாதம். இடையில் சேர்ந்தவை: அச்சுக்குப் போகவேண்டிய ஒரு நாவலின் முழு வடிவமைப்பு, பாதி முடிந்த ஒரு சமையல் புத்தகம், அப்புறம் கோடை முழுக்கப் பதிவுசெய்த பாட்டுகள். நாவலை மறுபடி உட்கார்ந்து செய்துவிடலாம். பாட்டை மறுபடி பாடச் சொல்ல முடியாது. அந்தப் பாட்டிகளில் ஒருவர் வைகாசியில் காலமாகிவிட்டார்.

சில வாரங்களாகவே சில ஃபோல்டர்களைத் திறந்தால் மவுஸ் மட்டும் நகரும், மற்றதெல்லாம் உறைந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒரு சாயங்காலம் ஸ்க்ரைபஸில் நாவலைச் சேமிக்கப் போனபோது சேமிக்க முடியாது என்றது. டெர்மினலைத் திறந்து ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கிப் பார்த்தேன். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று பதில் வந்தது. டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் வழக்கமாக நிறுவும்போதே, எந்த வட்டை எப்படித் திறப்பது என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு விதி எழுதப்பட்டுவிடும்: முதன்மைப் பகுதியில் பிழை தென்பட்டால் அதற்குமேல் எதையும் எழுதாமல், படிக்க மட்டும் விடு என்று. லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அதைத்தான் செய்திருந்தது. மேலும் சேதம் ஆகாமல் காப்பதற்கான ஏற்பாடு அது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் கை தானாக ரீஸ்டார்ட்டுக்குப் போகும். போக வேண்டாம். கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. திறந்திருக்கும் கோப்பு நினைவகத்தில் முழுசாக இருக்கிறது. வட்டிலிருந்து படிக்கவும் முடிகிறது. அணைத்துவிட்டால் மறுபடி இந்த நிலைமைகூடக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நான் ஒரு பென் டிரைவைச் செருகி, திறந்திருந்த நாவலை அதில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்தேன். அந்த ஒரு காரியத்தால்தான் பிற்பாடு பதிப்பாளரிடம் பேசக் குரல் வந்தது. அப்புறம் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்து, கர்னல் என்ன சொல்கிறது என்று பார்த்து, திரையை போனில் படம் எடுத்தேன். படம் எடுப்பது முக்கியம். வட்டு படிக்க மட்டும் என்று ஆகிவிட்டால் லாக் கோப்பிலும் எதுவும் எழுதப்படாது. அணைத்தவுடன் அந்தச் செய்திகள் போய்விடும். அந்தப் படத்தில் இருந்த இரண்டு வகை வரிகள்தான் எனக்கு வழிகாட்டின. ஒன்று ‘எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்’ என்று தொடங்கியது (எக்ஸ்ட்4 என்பது என் வட்டில் இருந்த லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்). இன்னொன்று ‘ஐ/ஓ எரர்’ என்று சொல்லி வட்டின் பெயரையும் செக்டர் (வட்டின் சிறு துண்டு) எண்ணையும் காட்டியது. முதல் வகை மட்டும் வந்தால் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு குழம்பியிருக்கிறது, வட்டு நன்றாகவே இருக்கலாம். இரண்டாவது வகையும் சேர்ந்து வந்தால், வட்டே அந்த இடத்தைப் படிக்க முடியாமல் திணறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பாட்டுகளையும் பென் டிரைவுக்கு நகலெடுக்கத் தொடங்கினேன். நாலைந்து கோப்பு போனதும் அப்படியே உறைந்துவிட்டது. எவ்வளவு காத்திருந்தும் அசையவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை.

மறுபடி போட்டபோதுதான் அந்தக் கறுப்புத் திரை வந்தது. பிஸிபாக்ஸ் என்று ஒரு தலைப்பு, எதிர்பாராத முரண்பாடு என்று ஒரு எச்சரிக்கை, கடைசியில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயர், பக்கத்தில் துடிக்கும் கர்சர். வயிறு கலங்கியது என்பது பெரிய வார்த்தை இல்லை, உண்மையிலேயே கலங்கியது. அன்றைக்கு இரவு எதையும் தொடவில்லை.

மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி நல்ல பிள்ளைதான். வட்டைக் கழற்றி அவருடைய விண்டோஸ் கணினியில் மாட்டினார். மாட்டிய உடனே, ‘இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று ஒரு பெட்டி வந்தது. விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தெரியாது. தெரியாத பகுதியைக் கண்டால் அப்படித்தான் கேட்கும். “அக்கா, இது பூரா கரப்ட் ஆயிடுச்சுக்கா. ஃபார்மேட் கேக்குது பாருங்க. போட்டுட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டிரலாம், அப்படியே விண்டோஸும் ஏத்திரலாமா?” என்றபடியே மவுஸை அந்தப் பொத்தானுக்குக் கொண்டுபோனார். “தம்பி, வேண்டாம் தம்பி, கையை எடுங்க” என்று கத்தியே விட்டேன். பார்த்ததற்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டு வட்டைத் திரும்ப வாங்கி வந்தேன். லினக்ஸ் வட்டை எங்கே கொடுத்தாலும், ஒரு தாளில் ‘இது எக்ஸ்ட்4, ஃபார்மேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்’ என்று எழுதி வட்டின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். சென்னையில் இருக்கும் ஒரு டேட்டா ரெக்கவரி நிறுவனத்துக்கும் போன் செய்தேன். 15,000-இல் தொடங்கி 40,000 வரை போகலாம், பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்தத் தொகை என்னிடம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். வட்டு டக் டக் என்று தட்டும் சத்தம் போட்டாலோ, கீழே விழுந்திருந்தாலோ, கணினிக்கு அடையாளமே தெரியாமல் போயிருந்தாலோ, வீட்டில் எதையும் முயலக்கூடாது. ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுப்பதும் சேதத்தைக் கூட்டும். அந்த நிலையில் பணம் புரட்டி அங்கேதான் போகவேண்டும். என் வட்டு சத்தம் போடவில்லை, கணினிக்கும் தெரிந்தது. அந்தத் தைரியத்தில்தான் நானே இறங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பை வாங்கி, பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் லைவ் தயார் செய்துகொண்டேன். கெட்ட வட்டிலிருந்து இயங்காமல், பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். வட்டை நாம் வெளியிலிருந்து பார்க்கலாம். லைவ் திரை வந்ததும் ஃபைல் மேனேஜரின் இடதுபக்கத்தில் உங்கள் வட்டு தெரியும். அதைக் கிளிக் செய்யாதீர்கள். கிளிக் செய்தால் அது மவுண்ட் ஆகும், அதாவது உள்ளே இருப்பதைப் பயன்படுத்தத் திறக்கப்படும். மவுண்ட் ஆகும்போது, பாதியில் நின்ற எழுத்துவேலைகளின் குறிப்பேடான ஜர்னலை எக்ஸ்ட்4 எடுத்து வட்டில் எழுதத் தொடங்கும். படிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தால்கூட ஜர்னலை எழுதிவிட்டுத்தான் உள்ளே விடும். அதைத் தடுக்க ‘நோலோட்’ என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ‘நான் ரீட்-ஒன்லியாகத்தானே திறந்தேன்’ என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் வட்டின் உடல்நிலையைப் பார்த்தேன். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற பொதியை நிறுவினால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கிடைக்கும். மேலே பெரிதாக ‘பாஸ்டு’ என்று வந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது வட்டுத் தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டிவிட்டதா என்று மட்டும்தான் சொல்லும். செத்துக்கொண்டிருக்கும் வட்டும் பாஸ் ஆகும். கீழே உள்ள பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 5 என்பது வட்டு ஏற்கெனவே ஒதுக்கிவைத்துவிட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 சோதனையில் தேறாதவை. என் வட்டில் 197-க்கு நேரே 200-க்கும் மேல் இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஏறியிருந்தது. ஏறிக்கொண்டே போனால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே பட்டியலில் 199 மட்டும் ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இப்போது எஃப்எஸ்சிகே விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கருவியின் வேலை உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது இல்லை. ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது மட்டும்தான். வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்றால், புரியாத வரியை அடித்துவிட்டாவது கணக்கை நேர்செய்யும் கணக்குப்பிள்ளையைப் போன்றது அது. ஒரு ஃபோல்டரின் தகவல் சிதைந்திருந்தால் அந்த ஃபோல்டரையே நீக்கிவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும். அதன் பார்வையில் அது உண்மைதான். வட்டும் கெட்டிருந்தால் இன்னும் மோசம். படிக்க முடியாத பிளாக் (ஃபைல் சிஸ்டம் இடத்தைப் பிரிக்கும் துண்டு) ஒன்றைச் சந்தித்தால், ‘இதைப் பொருட்படுத்தாமல் போகவா? இதன்மேல் கட்டாயமாக எழுதிப் பார்க்கவா?’ என்று வரிசையாகக் கேட்கும். மைனஸ் ஒய் கொடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஆமாம். இன்னொரு முறை பொறுமையாகப் படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பிளாக்கின் மேல் எழுதிமுடித்துவிடும். இதைப் படித்தபோதுதான், முந்தின இரவு எதையும் தொடாமல் படுத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று புரிந்தது.

ஆகவே முதலில் வட்டின் முழு நகல். அதற்குப் புதிதாக 2 டிபி வெளி வட்டு ஒன்று வாங்கினேன், 6,000 ரூபாய்க்குச் சற்று மேல். கெட்டது 1 டிபிதானே, அதே அளவு போதுமே என்று நினைக்காதீர்கள். வட்டை ஒரே படிமக் கோப்பாக, அதாவது முழு வட்டின் அச்சு அசல் நகலாக, எடுத்து வைக்கப்போகிறோம். ஃபார்மேட் செய்த 1 டிபி வட்டுக்குள் 1 டிபி படிமம் நுழையாது. புது வட்டை எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்துகொண்டேன். பழைய பென் டிரைவ் பாணியில் ஃபாட்32 இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

நகலெடுக்கும் கருவியின் பெயர் டிடிரெஸ்க்யூ, குனு திட்டத்தைச் சேர்ந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். நிறுவியபின் கட்டளையில் அந்த ஜி கிடையாது. சாதாரண டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடம் வந்தால் தாண்டிப்போய்விட்டுக் கடைசியில் திரும்பிவரும். சாகும் வட்டுக்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. முதல் ஓட்டத்தில் மைனஸ் என் கொடுத்து, கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் மைனஸ் டி, மைனஸ் ஆர் 3 கொடுத்து, விட்டுப்போனவற்றை மறுபடி மூன்று முறை முயலச் சொன்னேன். எது மூலம், எது நகல் என்ற வரிசை மாறினால் எல்லாம் போச்சு. லினக்ஸ் வட்டுகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை போடும்போதும் மாறலாம் என்பதால், எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் காட்டச் சொல்லி, வட்டின் லேபிளில் இருந்த சீரியலோடு விரல் வைத்து ஒப்பிட்டபிறகே என்டர் தட்டினேன்.

மூன்றாவதாக ஒரு மேப் கோப்பின் பெயரையும் கொடுக்க வேண்டும். எதுவரை படித்தாயிற்று, எது மிச்சம் என்பதெல்லாம் அதில் குறிக்கப்படும். அதை லைவ் டெஸ்க்டாப்பில் வைத்தால் அணைத்ததும் காணாமல் போகும். வெளி வட்டில், படிமத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் ஊரில் அன்று நடுராத்திரி கரண்ட் போனது. யுபிஎஸ் கீச் கீச் என்று கத்திக்கொண்டிருக்க, கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்தி, ஒழுங்காக அணைத்தேன். கரண்ட் வந்தபிறகு அதே கட்டளையை அதே மேப் கோப்போடு கொடுத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேப் இல்லாமல் இருந்திருந்தால் நொந்துபோன வட்டை முதலிலிருந்து மறுபடி சுற்றவைத்திருக்க வேண்டும். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராக வட்டின்மேல் வைத்தேன், சூடு ஏறினால் பிழைகள் கூடும் என்பதால். ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்தால் வட்டு பிழைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். நல்ல பகுதிகளில் விநாடிக்கு 80, 90 எம்பி என்று ஓடியது, கெட்ட பகுதி வந்ததும் விநாடிக்குச் சில கேபி என்று தவழ்ந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் கொடுமையானது. மறுநாள் மாலை முடிந்தபோது மொத்தம் 1 டிபியில் படிக்க முடியாமல் நின்றது 4 எம்பிக்கும் குறைவு. அழுதுவிட்டேன். உடனே கெட்ட வட்டைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அதற்குப்பிறகு செய்த எதுவும் அந்த வட்டைத் தொடவில்லை.

4 எம்பி கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் அது எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பாட்டின் நடுவில் விழுந்தால் ஒரு விநாடி மௌனம். ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் ஐநோடு அட்டவணையில் விழுந்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற தகவலே போய்விடும். எனக்கு இரண்டும் நடந்திருந்தது.

படிமத்தை லோசெட்டப் கொண்டு, படிக்க மட்டும் என்ற தெரிவோடு லூப் சாதனமாக்கி (கோப்பையே ஒரு வட்டுபோலக் காட்டுவது இது), நோலோடும் சேர்த்து மவுண்ட் செய்தேன். பழுது எதுவும் பார்ப்பதற்கு முன்பே, கிடைப்பதையெல்லாம் வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்வதுதான் அடுத்த படி. ஹோம் ஃபோல்டரில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே வந்துவிட்டது, சமையல் புத்தகம் உட்பட. சில ஃபோல்டர்களைத் தொட்டால் மட்டும் ‘கட்டமைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும்’ என்று பொருள்படும் பிழை வந்தது. கோடைப் பதிவுகள் இருந்த ஃபோல்டர் அதில் ஒன்று. மவுண்ட் செய்யாமலே உள்ளே நுழைய டீபக்எஃப்எஸ் என்று ஒரு கருவி உண்டு. மைனஸ் சி கொடுத்துத் திறந்தால் எந்த இடம் காலி என்று குறிக்கும் பிட்மேப்களைப் படிக்காமலே திறக்கும், எதையும் எழுதாது. அதற்குள் ஆர்டம்ப் கட்டளையைக் கொடுத்தால் ஒரு ஃபோல்டரை அப்படியே வெளியே கொட்டும். அதில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது.

அதற்குப்பிறகுதான் பழுது. அதுவும் படிமத்தின்மேல்தான். இதற்காக லூப் சாதனத்தை எழுதும்படி மறுபடி அமைத்துக்கொண்டேன். முதலில் இ2எஃப்எஸ்சிகே மைனஸ் என்: எதையும் மாற்றாமல், என்னென்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். பட்டியல் பல பக்கம் ஓடியது. உண்மையான ஓட்டத்துக்கு மைனஸ் இசட் என்ற தெரிவைச் சேர்த்து ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தேன். ஒவ்வொரு பிளாக்கையும் மாற்றுமுன் அதன் பழைய உள்ளடக்கத்தை அந்தக் கோப்பில் எழுதிவைக்கும்; விளைவு பிடிக்காவிட்டால் இ2அன்டூ கொண்டு திரும்பப் போகலாம். இரண்டாவது படிமம் வைக்க இடமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம், ஆனால் இதைப் பற்றிச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. உங்களுக்கு ‘மேஜிக் நம்பர் தவறு’ என்ற செய்தி வந்தால் ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் முதல் சூப்பர்பிளாக் போயிருக்கலாம். எக்ஸ்ட்4 அதன் பிரதிகளை வேறு இடங்களிலும் வைத்திருக்கும். பிளாக் அளவு 4 கேபி என்றால் வழக்கமாக 32768, 98304, 163840 என்ற எண்களில். மைனஸ் பி கொடுத்து அந்த எண்ணைச் சொன்னால் அந்தப் பிரதியை வைத்து வேலை செய்யும். அந்த எண்களைத் தெரிந்துகொள்ள எம்கேஇ2எஃப்எஸ் மைனஸ் என் ஓட்டுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்த மைனஸ் என் விட்டுப்போனால் அது ஃபார்மேட் கட்டளை. இதற்காகவும்தான் படிமத்தின்மேல் வேலை செய்யச் சொல்கிறேன்.

பழுது முடிந்தபின், காணாமல்போன கோப்புகள் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் குவிந்திருந்தன. பெயர் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரு ஹேஷ் குறியும் ஓர் எண்ணும்தான். அந்த எண் ஐநோடின் எண். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஃபைல் என்ற கட்டளை ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லும். அதை வைத்து ஒலிக்கோப்பு, படம், ஆவணம் என்று முதலில் பிரித்தேன். அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய நாவலின் முன்னட்டைக் கோப்பும், தனியாக வைத்திருந்த பின்னிணைப்பும் பென் டிரைவில் இல்லை. ஸ்க்ரைபஸ் கோப்பு உள்ளே வெறும் எக்ஸ்எம்எல்தான், தமிழ் எழுத்துகளை யூனிகோடில் அப்படியே வைத்திருக்கும். பின்னிணைப்பில் எனக்கு நினைவிருந்த ‘நடவு முடிந்த மறுநாள்’ என்ற தொடரை, கோப்புகளுக்குள் எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளைக்குக் கொடுத்தேன். அந்தக் குவியலிலிருந்து ஒரே ஒரு எண் வந்து நின்றது. திறந்தால், அதுவேதான். லிப்ரே ஆபீஸ் ஆவணங்களில் இப்படி நேராகத் தேட முடியாது, அவை ஜிப் கோப்புகள். உள்ளே இருக்கும் கன்டென்ட் எக்ஸ்எம்எல்-ஐ அன்ஜிப் மைனஸ் பி கொண்டு வெளியே கொட்டித் தேடவேண்டும்.

பாட்டுகளை ஃப்ளாக் வடிவத்தில் வைத்திருந்ததால் இன்னொரு வசதி கிடைத்தது. ஃப்ளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலியின் சரிபார்ப்புத் தொகை இருக்கும். ஃப்ளாக் மைனஸ் டி ஓட்டினால், ஒலி ஒரு பிட்கூட மாறாமல் இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எம்பி3 மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது. முக்கியமான பதிவுகளை ஃப்ளாக்கில் வைக்க இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம். பெரும்பாலானவை தேறிவிட்டன. தேறாத சிலவற்றில், வைகாசியில் காலமான அந்தப் பாட்டி பாடிய ஒப்பாரி ஒன்றும் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் குரல் அறுந்து, ஒரு வரி போய், அடுத்த வரியில் தொடர்கிறது. அவர் மகளிடம் கேட்டேன். “அம்மா ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி கட்டுவாங்கம்மா, அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அந்த இழப்புக்கு எந்தக் கருவியும் கிடையாது. அது இன்னும் வலிக்கிறது.

பணக் கணக்கில் பார்த்தால் புது வெளி வட்டு, கணினிக்குள் போட இன்னொரு வட்டு, கடைச் செலவு எல்லாம் சேர்ந்து 10,000-ஐத் தாண்டியது. சமையல் புத்தகத்தைக் கொடுத்தவர் தாமதம் தாங்காமல் வேறு ஆளிடம் போய்விட்டார். 12,000 ரூபாய் வேலை. நாவலின் பதிப்பாளர் மட்டும், “ஏம்மா, இவ்வளவு பட்டிருக்கியே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு அச்சகத் தேதியைத் தள்ளிவைத்தார்.

‘லினக்ஸ் போட்டால் கெடாது, ஜர்னல் இருக்கிறது’ என்று சொல்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 1993-இல் வந்த எக்ஸ்ட்2-வில் ஜர்னல் இல்லை. கரண்ட் போனால் முழு வட்டையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2001-இல் எக்ஸ்ட்3 ஜர்னலைக் கொண்டுவந்தது. 2008 டிசம்பரில் கர்னல் 2.6.28-இல் எக்ஸ்ட்4 நிலையானதாக அறிவிக்கப்பட்டது. ஜர்னல் காப்பது பாதியில் நின்ற எழுத்துவேலையிலிருந்துதான். அதிலும் இயல்பான அமைப்பில் ஃபைல் சிஸ்டத்தின் சொந்தத் தகவல்களை மட்டும்தான் ஜர்னலில் குறிக்கும். உங்கள் கோப்பின் உள்ளடக்கத்தை இல்லை. வட்டின் பரப்பே கெடுவதற்கும் ஜர்னலுக்கும் சம்பந்தம் இல்லை. வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறினாலும் எச்சரிக்கை மாறாது. எக்ஸ்எஃப்எஸ்-இல் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் மைனஸ் எல் என்பது ஜர்னலையே துடைத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ்-இல் ‘செக் ரிப்பேர்’ கட்டளையைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, முதலில் ‘ரெஸ்டோர்’ மூலம் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். எஸ்எஸ்டி-யில் இன்னொரு சிக்கல்: நீக்கிய கோப்புகளின் இடத்தை ட்ரிம் என்ற கட்டளை துடைத்துவிடும், உபுண்டு வகைகளில் அது வாரம் ஒருமுறை தானாக ஓடும். தவறுதலாக நீக்கியதை ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி கொண்டு மீட்கலாம் என்ற நம்பிக்கை ஹார்ட் டிஸ்க் காலத்தது.

மின்ட் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது டைம்ஷிஃப்ட். தொடக்கத் திரையிலேயே அதை அமைக்கச் சொல்வதால், பேக்கப் எடுக்கிறது என்றே பலர் நம்புகிறார்கள். அது இயங்குதளத்தை மட்டும்தான் காக்கும். நாமாகச் சேர்க்காவிட்டால் ஹோம் ஃபோல்டரை விட்டுவிடும். உங்கள் கோப்புகளுக்கு பேக் இன் டைம், டேஜா டூப் மாதிரி தனியாக ஒன்று வேண்டும். நான் இப்போது இரண்டு வெளி வட்டு வைத்திருக்கிறேன். ஒன்று எப்போதும் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் இருக்கும், போகும்போது மாற்றிக்கொண்டு வருவேன். மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய கோப்பை அதிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கிறேன். வட்டின் உடல்நிலையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி சேவையையும் ஓடவிட்டிருக்கிறேன், 197 பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால் செய்தி வரும்.

பழைய வட்டுக்கு வாரண்டி மிச்சம் இருந்தது. எல்லாக் கோப்பையும் சரிபார்த்து முடிக்கும்வரை அதைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பி வருவது வேறு வட்டு. கெட்ட வட்டு முழுசாக அழிந்ததா என்று நம்பவும் முடியாது, அது ஒதுக்கிவைத்துவிட்ட செக்டர்களை நம் எழுத்து எட்டாதே. மற்றவர்களுடைய கையெழுத்துப் பிரதிகள் அதில் இருப்பதால் கடைசியில் வாரண்டியையே விட்டுவிட்டேன். புது வட்டை, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி லக்ஸ் குறியாக்கத்தோடு அமைத்திருக்கிறேன், அடுத்தமுறை அந்தத் தயக்கம் இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் லக்ஸ் போடுபவர்கள் ஒன்று செய்யவேண்டும். வட்டின் தொடக்கத்தில் சாவித் தகவலோடு இருக்கும் லக்ஸ் ஹெடரில் ஒரு பேட் செக்டர் (படிக்க முடியாத துண்டு) விழுந்தால், கடவுச்சொல் சரியாகத் தெரிந்திருந்தும் உள்ளே இருக்கும் அத்தனையும் பூட்டிய நிலையிலேயே போய்விடக்கூடும். கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்ஹெடர்பேக்கப் கட்டளையால் அந்த ஹெடரைத் தனிக் கோப்பாக எடுத்து, வேறொரு வட்டில் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மறுபடி எடுத்துக்கொண்டு பழைய கோப்பை அழித்துவிடுங்கள், ஏனென்றால் பழைய ஹெடர் கையில் இருந்தால் பழைய கடவுச்சொல்லாலும் வட்டைத் திறக்கலாம்.